எந்த இருக்கையிலிருந்து பேசுகிறீர்கள்?

(கோவையில் கார் பிரியர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

வாசலில் நீங்கள் நிறுத்தியிருக்கும் வண்டிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். ஒரு பழைய பத்மினி, மூன்று மஹிந்திரா தார் ஜீப், பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்ட ஒரு செடான், தூசி தட்டாத இரண்டு மின்சாரக் கார்கள். இத்தனை வண்டிகளுக்குச் சொந்தக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் அமைதியாக உட்கார்ந்திருப்பதே பெரிய விஷயம். அந்த அமைதியைக் கெடுக்கத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். (சிரிப்பு)

சில மாதங்களுக்கு முன் பொள்ளாச்சியில் ஒரு திருமணம். பந்தி முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, வண்டி நிறுத்துமிடத்து வேப்பமர நிழலில் நின்றோம். தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் மாமா, டாக்டராக இருக்கும் மைத்துனர், டிராவல்ஸ் நடத்தும் உறவினர் ஒருவர், நான். எங்கள் எதிரே இரண்டு இன்னோவாக்கள் நின்றன. ஒன்று கிரிஸ்டா, மற்றது ஹைகிராஸ். எது நல்ல வண்டி என்று மாமா ஒரு வார்த்தை கேட்டார். அடுத்த முக்கால் மணி நேரம் மணமக்களை யாரும் நினைக்கவில்லை.

அந்தச் சண்டையை உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். இன்னோவாவுக்கு முன்னோடியான டொயோட்டா குவாலிஸ் 2000இல் வந்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே அதை நிறுத்திவிட்டு 2005இல் இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். 2016இல் கிரிஸ்டா. இந்த மூன்றும் ஒரே குடும்பம்: அடியில் ஏணி போன்ற இரும்புச் சட்டம், அதன் மேல் உடல், பின்சக்கரங்களுக்கு இழுவை. 2022 இறுதியில் அறிமுகமான ஹைகிராஸ் அந்த மரபை உடைத்தது. தனிச் சட்டம் கிடையாது, உடலே எலும்புக்கூடு. இழுவை முன்சக்கரங்களுக்கு. டீசல் போய் பெட்ரோல் வந்தது. விலை கூடிய வகைகளில் பெட்ரோலோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்.

டிராவல்ஸ்காரர் கொதித்தார். "எட்டுப் பேர், எட்டுப் பெட்டி, மேலே கேரியர். ஆழியாறில் தொடங்கி வால்பாறை வரை நாற்பது கொண்டை ஊசி வளைவு. முன்சக்கர இழுவை வண்டி அங்கே என்ன செய்யும்?" என்றார். அவர் கேட்டதில் இயற்பியல் இருக்கிறது. ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்னால் சாய்கிறது. முன்சக்கரத்தின் பிடி குறைகிறது. ஈரமான வளைவில் அது சுழன்றுவிடலாம். பின்சக்கர இழுவைக்கு அதே பாரம் துணையாக வருகிறது. இன்னொன்றும் சொன்னார்: "நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் எந்த ஊர் பட்டறையிலும் அந்த டீசல் இன்ஜினை இறக்கி ஏற்ற ஆள் இருக்கிறான்."

டாக்டர் விடவில்லை. ஹைகிராஸ் அவருடையது. நகருக்குள் மெதுவாகப் போகும்போது பல நேரம் இன்ஜினே ஓடுவதில்லை, சத்தமில்லை, எண்ணெய்ச் செலவு பாதி என்றார். மூன்றாவது வரிசையில் அவருடைய அம்மா உட்கார்ந்தால் முழங்கால் தாடைக்கு வருவதில்லை என்றார். அதுவும் உண்மைதான். அடியில் சட்டமும் இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரப்பெல்லர் ஷாஃப்டும் இல்லாததால் தரை தாழ்ந்து சமமாக இருக்கிறது.

இருவருமே தவறாக எதுவும் சொல்லவில்லை. ஒருவர் ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருந்தும் கணக்குப் புத்தகத்துக்குப் பின்னாலிருந்தும் பேசினார். மற்றவர் தன் தாயின் இருக்கையிலிருந்து பேசினார். ஆனால் இரண்டு பேரும் "இன்னோவா" என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தியதால் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டார்கள். கார் பிரியர்களின் சண்டைகளில் முக்கால்வாசி இப்படித்தான் என்பது என் கட்சி. எந்த இருக்கையிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லாமலே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இது நம் நாட்டில் பழைய கதை. அம்பாசடரா, ஃபியட்டா என்று நம் தகப்பன்மார்கள் சண்டை போட்டார்கள். அம்பாசடர் 1950களின் இறுதியில், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் அச்சாக வந்தது. 2014 வரை கல்கத்தா அருகே உத்தர்பாராவில் செய்தார்கள். ஃபியட் 1100 இங்கே பிரீமியர் பத்மினியாக மாறியது. கல்கத்தா டாக்சி என்றால் அம்பாசடர், பம்பாய் டாக்சி என்றால் பத்மினி. ஓட்டுநர் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போகிறவர், அதிகாரி, மில் முதலாளி அம்பாசடரைச் சொன்னார்கள். தானே ஓட்டுகிறவர்கள், வக்கீல், டாக்டர், கல்லூரிப் பேராசிரியர், ஃபியட்டைச் சொன்னார்கள். ஸ்டீயரிங் இலகு, கியர் விழுவதில் ஒரு சுகம், உடல் சிறிது. பின்னால் இருப்பவருக்கும் முன்னால் இருப்பவருக்கும் நடந்த அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

இதற்கிடையில் நம் சென்னைக்காரர்கள் ஒரு சுவையான காரியம் செய்தார்கள். வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் ஹெரால்டு என்ற காரைச் செய்தது. அந்தக் கார் பிறந்த இங்கிலாந்தில் அதற்கு இரண்டே கதவு. ஓட்டுகிறவனுக்கும் பக்கத்தில் இருப்பவளுக்கும் போதும். இங்கே வந்து சில ஆண்டுகளில் அதற்கு நான்கு கதவு வைத்துவிட்டார்கள்! பின்னால் பாட்டி ஏற வேண்டுமே. உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத நான்கு கதவு ஹெரால்டு சென்னையில்தான் பிறந்தது. பாட்டி ஒருத்தி ஒரு காரின் தகட்டையே வெட்டி மாற்றினாள் என்பது எனக்கு மிகவும் பிடித்த வாகனச் செய்தி.

அந்தப் பாட்டியின் பேத்திதான் ஹூண்டாயின் சான்ட்ரோ காரை வெற்றிபெற வைத்தாள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து அது வெளிவந்தபோது நான் உட்படப் பலரும் சிரித்தோம். தொப்பி வைத்த டப்பா போல் உயரம். அதே காலத்தில் வந்த டேவூ மாட்டிஸ், இத்தாலியக் கார் வடிவமைப்பாளர் ஜுஜாரோ வரைந்த அழகி. கார் தெரிந்தவர்கள் எல்லோரும் மாட்டிஸ் பக்கம் நின்றோம். குடும்பங்கள் சான்ட்ரோவை வாங்கின. மாட்டிஸைச் செய்த டேவூவின் தாய் நிறுவனமே நொடித்துப் போனது தனிக்கதை. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் சான்ட்ரோவின் கதவைத் திறந்து, குனியாமல், சேலை மடிப்புக் கலையாமல், நாற்காலியில் உட்காருவது போல் உட்காரலாம். மூட்டு வலி உள்ளவரைக் கேட்டால் இருக்கையின் உயரம் எத்தனை பெரிய விஷயம் என்று சொல்வார். இன்று எல்லோரும் எஸ்யூவி எஸ்யூவி என்று ஓடுகிறார்களே, அதில் வீரமும் சாகசமும் விளம்பரத்தோடு சரி. பாதிப்பேர் வாங்குவது முழங்காலுக்காகவும், வேகத்தடையில் அடி தட்டாமல் இருப்பதற்காகவும். இதைச் சொன்னால் தார் வைத்திருப்பவர்களுக்குக் கோபம் வரும். உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் உண்மையிலேயே ஆற்றுக்குள் இறக்குகிறவர்கள். (சிரிப்பு)

நம் ரசனை என்று நாம் மார்தட்டுவதில் இன்னொரு கை இருக்கிறது. அது நிதியமைச்சரின் கை. 2006 பட்ஜெட்டில், நம் சிவகங்கைக்காரர் சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது, சிறிய கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார்கள். சிறிய கார் என்றால் என்ன? நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள், டீசல் 1500 சிசிக்குள். அந்த ஒரு வரி இந்தியச் சாலையின் முகத்தையே மாற்றியது. 2008இல் டாடாவின் இண்டிகோ சிஎஸ், பின்புறம் நறுக்கப்பட்டு நான்கு மீட்டருக்குள் வந்தது. அதே ஆண்டு வந்த மாருதி டிசையரின் நீளம் 4160 மில்லிமீட்டர். 2012இல் அடுத்த டிசையர் 3995. டிக்கி 440 லிட்டரிலிருந்து 316 ஆனது. டிக்கி பின்னால் நீளும் செடானின் வாலை அரிவாளால் வெட்டிவிட்டார்கள் என்று கார் பிரியர்கள் அழுதோம். பக்கவாட்டில் பார்த்தால் அது இன்றும் எனக்குப் பாதியில் நிறுத்திய வாக்கியம் போலத்தான் தெரிகிறது. ஆனால் வாங்கியவர் பக்கவாட்டில் நின்று பார்க்கவில்லை. ஆன்ரோடு விலையைப் பார்த்தார். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோதும் அதே கோடு நின்றது: கோட்டுக்குள் இருந்தால் 18 சதவீதம், வெளியே போனால் 40. இனி ஒருவர் "எனக்குச் சிறிய எஸ்யூவிதான் பிடிக்கும்" என்று சொன்னால், அதில் எத்தனை சதவீதம் பிடித்தம், எத்தனை சதவீதம் வரி என்று கேட்டுப் பாருங்கள்.

நம் கூட்டத்தின் பெருமையை உடைக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாம் புகழ்கிற வண்டியை நாம் வாங்குவதில்லை. உலகம் முழுவதும் இந்தக் கேலி உண்டு: பழுப்பு நிறம், டீசல், கைக்கியர், கூரை பின்கோடி வரை நீளும் ஸ்டேஷன் வேகன், இதுதான் கார் பிரியனின் கனவு வண்டி, அதைப் புதிதாக வாங்குகிறவன் மட்டும் எவனும் இல்லை. இங்கேயும் டாடா எஸ்டேட் வந்தது, பலேனோ ஆல்ட்யூரா வந்தது, ஆக்டேவியா காம்பி வந்தது. எல்லாவற்றுக்கும் நாம் கட்டுரை எழுதினோம். எதுவும் நிலைக்கவில்லை. மாருதியின் குட்டி ஜீப்பான ஜிம்னி எப்போது வரும் என்று பல ஆண்டுகள் தவம் கிடந்தோம். 2023இல் ஐந்து கதவோடு வந்தது. வந்த பிறகு "இந்த விலைக்கா?" என்று கேட்டுவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டோம்.

கியர் விஷயத்துக்கு வருகிறேன். நான் கைக்கியர் கட்சி. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் என் கட்சிக்காரர்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நம் நகரங்களில் கிளட்ச் மிதித்தே இடது முழங்கால் தேய்ந்தவர்களுக்கு 2014இல் மாருதி செலேரியோவில் வந்த ஏஎம்டி என்ற தானியங்கிக் கியர் ஒரு வரம். உள்ளே இருப்பது அதே சாதாரண கியர்பெட்டிதான். கிளட்சை மிதிக்கவும் கியரைத் தள்ளவும் ஒரு இயந்திரக் கையை வைத்தார்கள். அதனால் விலை குறைந்தது. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் உள்ளே இருப்பவர்கள் வில்லுப்பாட்டுக்குத் தலையாட்டுவது போல் ஒருமுறை ஆடுவார்கள், அவ்வளவுதான். தானியங்கிக் கட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மலையிலிருந்து இறங்கும்போது, கியர் தானே மாறும் "டி"யில் போட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு வருகிறீர்கள். ஆழியாறு அடிவாரத்தில் நின்றால் மூக்கே சொல்லிவிடும், பிரேக் கருகும் நாற்றம். நீலகிரி மலைப்பாதைகளில் இரண்டாவது கியரில் இறங்கவும் என்று எழுதி வைத்திருப்பது கைக்கியர் வண்டிக்கு மட்டுமான அறிவுரை என்று நினைத்துவிட்டீர்கள். உங்கள் வண்டியிலும் கியரைக் கீழே பிடித்து வைக்க ஒரு வழி கொடுத்திருக்கிறார்கள். "எல்" என்றோ "எம்" என்றோ ஒரு குறி இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம், மனதுக்குள் தூக்கினால் போதும்.

இதுவரை சொன்னவற்றில் எல்லாம் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. உட்காரும் இடம் மாறினால் தீர்ப்பு மாறும். ஆனால் கருத்துக்கே இடமில்லாத ஒரு விஷயத்தையும் நாம் கருத்து போலவே பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கேதான் எனக்குக் கோபம் வரும்.

கார் காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பானட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். பலாப்பழம் பழுத்திருக்கிறதா என்று தட்டுவது போல! "தகடு கனமாக இருக்கிறது, பாதுகாப்பான வண்டி" என்பார்கள். "அந்தக் கால அம்பாசடர் மோதினால் சுவர்தான் உடையும்" என்பார்கள். சுவர் உடைந்தது சரி, உள்ளே இருந்தவர் என்ன ஆனார்? மோதலின் வேகம் எங்கேயாவது போய்த்தானே தீர வேண்டும்? வண்டியின் முன்பகுதி மடங்கி அதை விழுங்கிக்கொள்ள வேண்டும், ஆட்கள் இருக்கும் அறை மட்டும் மடங்கவே கூடாது என்று மெர்சிடிஸ் நிறுவனத்தில் பேலா பரேனி என்ற பொறியாளர் 1950களின் தொடக்கத்திலேயே வழி சொல்லிவிட்டார்.

2009இல் அமெரிக்காவில், காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று, 1959ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏரையும் 2009ஆம் ஆண்டு செவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. இரண்டும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம். பெல் ஏர் கப்பல் போன்ற வண்டி, கனத்த தகடு. அதன் அறை அப்படியே நொறுங்கி ஸ்டீயரிங் பொம்மை ஓட்டுநரின் மேல் பாய்ந்தது. மாலிபுவில் இருந்த பொம்மைக்குக் காலில் சிறு காயம் என்ற அளவில் முடிந்தது. விரல் முட்டி இதில் எதையும் கண்டுபிடிக்காது.

நம் நாட்டுக் கார்களுக்கு அந்த நாள் 2014 ஜனவரியில் வந்தது. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் என்ற அமைப்பு ஐந்து கார்களின் அடிப்படை வகைகளை மோதிப் பார்த்தது: ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ஜியம். இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. ஃபிகோவிலும் போலோவிலும் உடல் கட்டமைப்பு உறுதியாகவே நின்றது. ஏர்பேக் இல்லாததுதான் குறை. இரண்டு ஏர்பேக் வைத்த போலோ அதே சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. மற்ற மூன்றிலும் கட்டமைப்பே தாங்கவில்லை; அதில் ஏர்பேக் வைத்தாலும் பெரிய பயன் இல்லை. ஆகவே "எத்தனை ஏர்பேக்?" என்ற கேள்விக்கு முன்னால் "அறை நிற்கிறதா?" என்று கேட்க வேண்டும். 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2023இலிருந்து நம் நாட்டுக்கே பாரத் என்கேப் இருக்கிறது. இப்போது அறிக்கையைத் தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்தும் படிக்கலாம். படிக்காமல் பானட்டைத் தட்டுகிறவரின் கருத்தை மதிக்க எனக்குப் பொறுமை இல்லை.

சன்ரூஃப் என்று ஒன்று. கத்தரி வெயிலில் கூரையைத் திறக்க ஆசைப்படும் ஊர் நம்முடையது. பிடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையை மட்டும் அதன் வழியாக எழுப்பி நிறுத்தாதீர்கள். ஒரு திடீர் பிரேக் போதும். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

தொடுதிரையைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. என் மகன் கார் வாங்கினான். கம்பெனி பெயர் வேண்டாம். முன்னால் தொலைக்காட்சிப் பெட்டி போல ஒரு திரை, பொத்தான் என்பதே இல்லை, கண்ணாடி போன்ற வழவழப்பு. போன ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டும்போது நான்தான் ஓட்டினேன். சாரல் பிடித்தது. முன்கண்ணாடி நிமிடத்தில் ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. என் பழைய வண்டியில் கண்ணை எடுக்காமலே திருகு ஒன்றைத் திருப்பினால் முடிந்தது. இதில் முதலில் ஒரு படத்தைத் தொட வேண்டும், பிறகு பட்டியல், பிறகு இன்னொரு படம். பக்கத்தில் லாரி. நான் தொட்டது இளையராஜாவை ஒலிக்கவிட்டது. (பலத்த சிரிப்பு) நல்ல பாட்டுதான், நேரம்தான் சரியில்லை.

வயதானவரின் புலம்பல் என்று தள்ளிவிடலாம். அதனால் அளந்தவர்களிடம் போகிறேன். 2022இல் ஸ்வீடனின் வி பீலேகாரே என்ற கார் பத்திரிகை, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபடி சில எளிய வேலைகளைச் செய்யச் சொல்லி நேரம் குறித்தது. பொத்தான்கள் நிறைந்த 2005ஆம் ஆண்டு வோல்வோ ஒன்றில் பத்து விநாடியில் முடிந்தது. தொடுதிரை வண்டிகளில் ஆக மோசமானதில் ஏறத்தாழ 45 விநாடி. அந்த வேகத்தில் 45 விநாடி என்றால் ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல், பாதிக் கவனத்தோடு. ஐரோப்பாவின் யூரோ என்கேப் 2026 முதல், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனி விசை இல்லாத வண்டிக்கு முழு மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிட்டது. என் மகனிடம் இதைக் காட்டினேன். "அப்பா, குரலில் சொன்னால் அதுவே செய்யும்" என்றான். நான் குரலில் சொன்னேன். அதற்கு என் தமிழும் புரியவில்லை, என் ஆங்கிலமும் புரியவில்லை.

நேரமாகிவிட்டது. பொள்ளாச்சி வேப்பமரத்துக்கு ஒருமுறை திரும்பிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

மாமா கடைசி வரை எதையும் முடிவு செய்யவில்லை. அந்த கிரிஸ்டா வாடகை வண்டி. அதன் ஓட்டுநர், முப்பது வயது இருக்கும், நாங்கள் பேசிய முக்கால் மணி நேரமும் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இழுவை, சட்டம், ஹைபிரிட், மூன்றாவது வரிசை எல்லாம் அவர் காதில் விழுந்தன. "தம்பி, நீங்கள் தினமும் ஓட்டுகிறவர். ஒரு வண்டி நல்ல வண்டியா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டேன். பிக்அப் என்பார், அல்லது மைலேஜ் என்பார் என்று நினைத்தேன்.

"சீட்டை முழுக்கப் பின்னால் சாய்த்தால் கால் நீட்டிப் படுக்க முடிகிறதா என்று பார்ப்பேன், சார்" என்றார். "நீங்கள் எல்லோரும் மண்டபத்தில் தூங்குவீர்கள். நான் மூன்று நாளும் இதில்தானே தூங்க வேண்டும்."

நாற்பது ஆண்டுகளாகக் கார் மதிப்பீடுகளைப் படித்து வருகிறேன். இந்த அளவை எடுத்துப் போட்ட ஒரு பக்கத்தை நான் பார்த்ததில்லை. அன்றிரவு வீட்டுக்கு வந்ததும், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நானே பாராட்டிப் பாராட்டி வாங்கிய என் காரில் படுத்துப் பார்த்தேன். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது.

நன்றி, வணக்கம்.